பதவியின் பெயரும் ஆற்றின் கடைமடையும்: ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லியும் காவிரிப் படுகையும் (1929–1934)

ஆய்வுச் சுருக்கம்

மேட்டூர் அணையின் பின்னே தேங்கும் நீர்ப்பரப்பு ‘ஸ்டான்லி நீர்த்தேக்கம்’ என்று அரசு ஆவணங்களில் வழங்குகிறது. அப்பெயருக்குரிய சர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லி (1872–1938) பீரங்கிப் படை அதிகாரியாகவும், பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினராகவும், அரச மாளிகைப் பதவியாளராகவும் பணியாற்றியபின் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர். அவரை ‘மேட்டூர் அணையைக் கட்டியவர்’ எனக் குறிப்பிடும் வழக்கம் தமிழில் பரவலாக உள்ளது. அவ்வழக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை அவருடைய வாழ்க்கை வரலாற்றின் வழியாகவும், காவிரியின் கிளையான வெட்டாறு கடல்சேரும் நாகூர்க் கடைமடையின் நிலையிலிருந்தும் இக்கட்டுரை விளக்குகிறது. அவர் காலத்தில் தஞ்சை மாவட்டம் கண்ட இரு பெருநிகழ்வுகளான 1930ஆம் ஆண்டு வேதாரணிய உப்புச் சத்தியாக்கிரகமும் 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணைத் திறப்பும் ஆளுநரின் ஒரே அதிகார எல்லைக்குள் நிகழ்ந்தவை என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: ஸ்டான்லி, மேட்டூர் அணை, இரட்டையாட்சி, வேதாரணியம், நாகூர், வெட்டாறு, கடைமடைப் பாசனம்.

முன்னுரை

கல்லணையில் காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாறு, தஞ்சாவூரை அடுத்த தென்பெரம்பூரில் மீண்டும் பிரிகிறது. அங்குக் கிளைக்கும் வெட்டாறு கிழக்கு நோக்கிச் சென்று நாகூரையொட்டி வங்கக் கடலில் கலக்கிறது. மேட்டூரில் மதகு திறக்கப்பட்டபின் முக்கொம்பு, கல்லணை, தென்பெரம்பூர் ஆகிய இடங்களைக் கடந்து, வழியிலுள்ள எண்ணற்ற வாய்க்கால்களுக்குப் பங்கிட்டது போக எஞ்சும் நீரே இப்பகுதிக்கு வந்துசேரும். தலைமடையில் நாற்று முளைத்துவிட்ட பின்னும் கடைமடையில் உழவு தொடங்காத ஆண்டுகள் உண்டு. ஆற்றில் நன்னீரின் விசை குறையும்போது கடல்நீர் உட்புகுவதால், நாகூர், நாகப்பட்டினம் வட்டாரத்து உழவர்க்கு நீர் வரும் நாளும் அதன் அளவும் தலைமடை உழவரைக் காட்டிலும் முதன்மையானவை. மேட்டூரின் வரலாற்றை அணையின் மேலிருந்து எழுதுவது எளிது. கடைமடையில் நின்று பார்க்கும்போது, அதே வரலாற்றில் யார் எதற்குப் பொறுப்பு என்ற வினா கூர்மை பெறுகிறது.

குடும்பமும் பெயர்களும்

ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லி 1872 அக்டோபர் 14 அன்று பிறந்தார். லங்காஷயரில் பெருநிலம் கொண்டிருந்த டார்பி பிரபுக்களின் குடும்பம் அவருடையது. அவருடைய பாட்டனாராகிய பதினான்காம் டார்பி பிரபு மூன்று முறை பிரித்தானியத் தலைமை அமைச்சராக இருந்தவர். கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சியை முடித்து இந்தியாவை முடியாட்சியின் நேரடிப் பொறுப்பில் கொணர்ந்த 1858ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய அமைச்சரவைக் காலத்தில்தான் நிறைவேறியது. அச்சட்டத்தின்படி உருவான இந்தியச் செயலர் பதவியில் முதன்முதலாக அமர்ந்தவர் அத்தலைமை அமைச்சரின் மூத்த மகனும், நம் ஸ்டான்லியின் பெரிய தந்தையுமாகிய எட்வர்ட் ஹென்றி ஸ்டான்லி. தந்தை ஃபிரெடரிக் ஸ்டான்லி பிரித்தானியப் போர்த்துறைச் செயலராகவும் குடியேற்ற நாடுகளின் செயலராகவும் இருந்து, 1888 முதல் 1893 வரை கனடாவின் தலைமை ஆளுநராகப் பணியாற்றினார்.

இக்குடும்பத்தின் பெயர் உலக வரைபடத்தில் பரவிய விதம் மேட்டூரைப் புரிந்துகொள்ளத் துணைசெய்யும். ஃபாக்லாந்துத் தீவுகளின் தலைநகர் போர்ட் ஸ்டான்லி எனப்பட்டது, பாட்டனார் குடியேற்ற நாடுகளின் செயலராக இருந்த காலத்தில் அவ்வூர் நிறுவப்பட்டதால். வான்கூவர் நகரத்துப் பெரும்பூங்கா ஸ்டான்லி பூங்கா ஆனது, அது திறக்கப்பட்ட 1888ஆம் ஆண்டில் தந்தை கனடாவின் தலைமை ஆளுநர் ஆனதால். பனிவளைகோற்பந்தாட்டத்துக்கு அவர் 1892இல் வழங்கிய கோப்பை மட்டுமே அவருடைய சொந்த ஈடுபாட்டுக்குச் சான்று. அதுவும் ஸ்டான்லி கோப்பை என்றே வழங்குகிறது. மூன்றாம் தலைமுறையில் காவிரியில் ஒரு நீர்த்தேக்கம் அதே பெயரைப் பெற்றது. ஒருவர் செய்த செயலைவிட, அச்செயல் நடந்த நாளில் அவர் வகித்த பதவியே இடப்பெயரைத் தீர்மானித்தது என்பதற்கு இதனினும் தெளிவான குடும்பச் சான்று கிடைப்பது அரிது.

படை, நாடாளுமன்றம், அரச மாளிகை

வெலிங்டன் கல்லூரியிலும் வுல்விச் படைத்துறைப் பயிலகத்திலும் பயின்ற ஸ்டான்லி, 1893இல் பீரங்கிப் படையில் சேர்ந்தார். தென்னாப்பிரிக்காவில் நடந்த இரண்டாம் போயர் போரில் பங்குபெற்றார். முதல் உலகப் போரிலும் பணியாற்றி லெப்டினண்ட் கர்னல் நிலையை எட்டினார். பெருங்குடும்பத்தின் இளைய மகன்களுள் ஒருவர் என்ற வகையில் பட்டமும் நிலமும் அவருக்கு உரியனவல்ல. அவை மூத்த சகோதரருக்குச் சென்றன. இளையவர்க்குப் படையும் அரசியலும் வழிகளாக இருந்தன.

1910 சனவரித் தேர்தலில் பிரஸ்டன் தொகுதியிலிருந்து பழைமைக் கட்சியின் சார்பில் நாடாளுமன்றம் சென்றார். அது அவர் தந்தையும் முன்னர் வகித்த தொகுதி. பிரஸ்டன் ஒரு பருத்தி ஆலை நகரம். லங்காஷயர்த் துணிக்கு இந்தியச் சந்தை எவ்வளவு இன்றியமையாதது என்பதை அத்தொகுதி உறுப்பினர் எவரும் அறியாதிருக்க இயலாது. இருபது ஆண்டுகளுக்குப்பின் அவர் ஆளுநராக இருந்தபோது சென்னையில் அயல்நாட்டுத் துணிக்கடைகளின் முன் மறியல் நடந்தது என்பதை இவ்விடத்தில் நினைவிற் கொள்ளலாம்.

1919 முதல் 1921 வரை அவர் வகித்த பதவி அரச மாளிகைக் கண்காணிப்பாளர் என்பது. பெயரளவில் இது மன்னரின் இல்லக் கணக்குகளை மேற்பார்வையிடும் பழம்பதவி. இதனை ஏற்பவர் வெண்கோல் ஏந்தி அரச விழாக்களில் இடம்பெறுவார். நடைமுறையிலோ, மக்களவையில் ஆளும் தரப்பின் கொறடாக்களுள் ஒருவருக்கே இது வழங்கப்பட்டது. மன்னரின் அவையில் நிற்பவரும் மக்களவையில் வாக்குகளை எண்ணித் திரட்டுபவரும் ஒருவரே என்னும் இவ்வேற்பாடு, பிரித்தானிய அரசமைப்பின் இயல்பைக் காட்டுவது. சடங்குக்கும் அதிகாரத்துக்கும் இடையில் ஒரே மனிதர் நின்று இரண்டையும் இணைக்கும் பயிற்சியை ஸ்டான்லி அங்குப் பெற்றார் எனக் கொள்வதில் பிழையில்லை.

பின்னர்ப் போர்த்துறையின் நிதிச் செயலராகவும் உள்துறைத் துணைச் செயலராகவும் ஆனார். 1922 பொதுத்தேர்தலில் பிரஸ்டனில் தோற்றார். 1923 மார்ச்சில் வில்ஸ்டன் கிழக்குத் தொகுதி இடைத்தேர்தலிலும் தோற்றார். அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் அதே தொகுதியில் வென்று, 1929 வரை ஓய்வூதிய அமைச்சகத்தின் நாடாளுமன்றச் செயலராக இருந்தார். அமைச்சரவையின் முதல்வரிசையை அவர் ஒருபோதும் எட்டவில்லை. நம்பத்தக்கவர், குடிப்பிறப்பினர், விழாக்களில் நிற்கத் தெரிந்தவர், ஆனால் இலண்டனில் இன்றியமையாதவர் அல்லர். இந்திய மாகாண ஆளுநர் பதவிகள் பெரும்பாலும் இத்தகையோர்க்கே உரியனவாக இருந்தன.

ஆளுநரின் இரு கைகள்

1929 நவம்பரில் ஸ்டான்லி சென்னையில் பொறுப்பேற்றார். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாணத்தில் அப்போது நடந்தது இரட்டையாட்சி. கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி, வேளாண்மை போன்ற ‘மாற்றப்பட்ட துறைகள்’ சட்டமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் இருந்தன. காவல், நிதி, நிலவரி, நீர்ப்பாசனம் போன்ற ‘ஒதுக்கப்பட்ட துறைகள்’ ஆளுநரிடமும் அவருடைய நிர்வாக அவையிடமும் இருந்தன. தஞ்சை உழவருக்கு இதன் பொருள் விந்தையானது. அவர் வயலில் விளைந்த பயிர் அமைச்சரின் பொறுப்பு; அப்பயிருக்குப் பாய்ந்த நீரும், அதன்மேல் விதித்த வரியும், வரி கட்டாதபோது வாயிலில் வந்து நின்ற காவலரும் ஆளுநரின் பொறுப்பு.

ஆகவே ஸ்டான்லி காலத்து அரசியலை அமைச்சரவைகளின் வரலாறாக மட்டும் எழுதுவது போதாது. 1930 அக்டோபரில் பி. முனுசாமி நாயுடுவும் 1932 நவம்பரில் பொப்பிலி அரசரும் நீதிக்கட்சி அமைச்சரவைகளுக்குத் தலைமையேற்றனர். அவ்வரலாறு தமிழில் விரிவாக எழுதப்பட்டுள்ளது. காவிரிப் படுகையைப் பொறுத்தவரை முதன்மையான முடிவுகள் அவ்வமைச்சரவைகளின் எல்லைக்கு வெளியே எடுக்கப்பட்டன.

1930 ஏப்ரல்: கடற்கரை

அவர் பொறுப்பேற்ற ஆறாம் மாதத்தில் முதற்சோதனை வந்தது. 1930 ஏப்ரல் 13 அன்று சி. இராசகோபாலாச்சாரியாரின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டனர். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகப் படுகையின் குறுக்கே நடந்து ஏப்ரல் 28 அன்று வேதாரணியத்தை அடைந்தனர். ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிய இராசகோபாலாச்சாரியார் கைதுசெய்யப்பட்டார். பயணத்துக்காகவே நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை இயற்றிய பாடல் தமிழ்நாட்டு விடுதலைப் போராட்டத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

உப்புவரி மைய அரசுக்கு உரியது. அதனை எதிர்த்தோரை எவ்வாறு எதிர்கொள்வது என்பதோ மாகாணத்தின் ஒதுக்கப்பட்ட துறைகளுக்குள் அடங்கியது. தஞ்சை மாவட்ட ஆட்சியர் ஜே. ஏ. தோர்ன், தொண்டர்க்கு உணவும் உறைவிடமும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் என எச்சரித்தார். தொண்டரைத் தொடக்கத்திலேயே கைதுசெய்து பெருங்கூட்டம் கூடச் செய்வதைவிட, அவர்களுக்கு ஆதரவளிப்போரை அச்சுறுத்தி அவர்களைப் பசியால் தளரவைப்பது என்பது இதன் உட்கருத்து. படை நூல்களில் முற்றுகை என்று சொல்லப்படுவதற்கு இது நெருங்கியது. விளைவு வேறாக இருந்தது. சாலையோர மரக்கிளைகளில் உணவுப் பொட்டலங்கள் கட்டித் தொங்கவிடப்பட்டன. யார் கட்டினார் என்று எவரும் சொல்லவில்லை. சோறு போடுவதைக் குற்றமாக்கும் ஆணையை, நெல் விளையும் மாவட்டத்தில், அதுவும் சத்திரங்களுக்குப் பெயர்பெற்ற மாவட்டத்தில் பிறப்பித்தது ஆட்சியரின் பிழை எனலாம். அரசின்மீது மக்களுக்குப் பற்று இருந்திருந்தால்கூட அது இப்போது அற்றுவிட்டது என்னும் கருத்தைப் பின்னர்த் தோர்னே மேலிடத்துக்குத் தெரிவித்தார்.

நாகூர் இப்பயணத்தின் பாதையில் இல்லை. எனினும் வேதாரணியமும் நாகூரும் ஒரே கடற்கரையில், ஒரே மாவட்ட ஆட்சியின்கீழ் இருந்தவை. ஆற்றின் இனிப்பு நீரும் கடலின் உப்பும் எதிர்ப்படும் இக்கரையில், உப்புக்கும் நீருக்கும் அனுமதி வழங்கும் அதிகாரம் அரசிடமே இருந்தது.

1934 ஆகஸ்டு: அணை

மேட்டூர்த் திட்டத்தின் காலவரிசையை நோக்கினால் ஸ்டான்லியின் பங்கு தானே விளங்கும். மைசூரும் சென்னையும் 1892இல் நதிநீர் பற்றி உடன்பாடு செய்துகொண்டிருந்தன. கர்னல் டபிள்யூ. எம். எல்லிஸ் வகுத்த மேட்டூர்த் திட்டம் 1910இல் முன்வைக்கப்பட்டது. மைசூர் அதே காலத்தில் கண்ணம்பாடியில் அணை கட்ட முற்பட்டதால் வழக்கு எழுந்தது. 1914இல் கிரிஃபின் நடுவர் தீர்ப்பளித்தார். சென்னை அதனை ஏற்காமல் மேல்முறையிட்டது. பத்தாண்டுப் பேச்சுக்குப்பின் 1924 பிப்ரவரி 18 அன்று இரு அரசுகளும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. கிருஷ்ணராஜசாகரம் 44.8 ஆயிரம் மில்லியன் கன அடியும் மேட்டூர் 93.5 ஆயிரம் மில்லியன் கன அடியும் கொள்ளுமாறு வரையறுக்கப்பட்டது. 1925 சூலை 20 அன்று, கோஷன் பிரபு ஆளுநராக இருந்தபோது, மேட்டூரில் பணி தொடங்கியது.

இவற்றுள் எந்நிலையிலும் ஸ்டான்லிக்குத் தொடர்பில்லை. 1910இல் அவர் பிரஸ்டன் தொகுதியில் வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். 1924இன் தொடக்கத்தில் அவருக்கு நாடாளுமன்றத்தில் இடமேயில்லை. அவர் சென்னைக்கு வந்தபோது அணையின் பணி நான்காண்டு கடந்திருந்தது.

அவருடைய பங்கு எதுவெனில், பணி நிற்காமல் பார்த்துக்கொண்டது. அது சிறியதன்று. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல்விலை பாதியளவுக்குச் சரிந்தது. நிலவரி பணமாகக் கட்டவேண்டியதாக இருந்ததால், மிராசுதாரர் முதல் குத்தகையாளர் வரை தஞ்சை மாவட்டம் முழுதும் நெருக்கடியில் ஆழ்ந்தது. அரசின் வருவாயும் குன்றியது. அத்தகைய ஆண்டுகளில் ஏறத்தாழ 4.80 கோடி ரூபாய்ச் செலவிலான ஒரு பணியைத் தொடர்வதற்கு நீர்ப்பாசனமும் நிதியும் ஆளுநரின் பக்கத்தில் இருந்தமை வாய்ப்பாயிற்று. புதிய பாசனப் பரப்பிலிருந்து வரும் தீர்வை இம்முதலீட்டை ஈடுசெய்யும் என்னும் கணக்கும் உடனிருந்தது. கல்லணைக் கால்வாய், வடவாறு நீட்டிப்பு ஆகியவற்றின் வழியாக ஏறத்தாழ மூன்று இலட்சம் ஏக்கர் புதிதாகப் பாசனம் பெறவேண்டும் என்பது திட்டம். பட்டுக்கோட்டைப் பகுதியின் வானம்பார்த்த நிலங்கள் இதனால் நன்செய்யாயின.

1934 மே மாதம் தலைமை ஆளுநர் வெலிங்டன் பிரபு விடுப்பில் சென்றபோது ஸ்டான்லி தற்காலிகத் தலைமை ஆளுநராகப் பொறுப்பேற்று வடக்கே சென்றார். சென்னையில் அவ்விடத்தை முகமது உஸ்மான் ஏற்றார். சென்னை மாகாண ஆளுநர் பொறுப்பில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. ஆகஸ்டு நடுவில் ஸ்டான்லி சென்னைக்குத் திரும்பினார். ஆகஸ்டு 21 அன்று மேட்டூர் அணையைத் திறந்துவைத்தார். திறப்பு ஒருவாரம் முன்னதாக நிகழ்ந்திருப்பின், அணையைத் திறந்த ஆளுநர் ஓர் இந்தியராக இருந்திருப்பார். ஊகத்துக்கு ஆய்வில் இடமில்லையெனினும், பதவியிலிருந்து பெயர் பிறப்பது எத்துணை மெல்லிய தற்செயலைச் சார்ந்தது என்பதை இந்நாட்கணக்கு காட்டுகிறது.

திட்டத்தை வகுத்த எல்லிசின் பெயர் அணையின் உபரிநீர்ப் போக்கிக்கு வைக்கப்பட்டது. மக்கள் அதனைப் பதினாறு கண் மதகு என்றே அழைக்கின்றனர். ஸ்டான்லி நீர்த்தேக்கமும் பேச்சுவழக்கில் மேட்டூர் அணைதான். ஆவணப் பெயரும் வழக்குப் பெயரும் இவ்வாறு பிரிவது நாகூரிலும் உண்டு. ஷாகுல் ஹமீது ஆண்டகையின் தர்காவில் உயர்ந்து நிற்கும் 131 அடிக் கோபுரத்தைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங் எழுப்புவித்தார். அது பெரிய மினாரா என்றே வழங்குகிறது. அங்கு மன்னர் பெயர் ஆவணத்திலும் நினைவிலும் தங்கியது. கட்டடம் தன் பெயரைத் தானே பெற்றது.

கடைமடை பெற்றதும் இழந்ததும்

மேட்டூருக்கு முன்பு தஞ்சைப் படுகையின் பாசனம் ஆற்றின் போக்கைச் சார்ந்திருந்தது. தென்மேற்குப் பருவமழை குடகில் பெய்யும் நாளே குறுவையின் நாள். சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் கட்டிய மேலணை, கொள்ளிடத்துக்கு ஓடிய நீரைக் காவிரிக்குத் திருப்பியது. ஆனால் அது நீரைச் சேமிக்கவில்லை. 1924 சூலைப் பெருவெள்ளம் படுகையைச் சீரழித்தபோது, கட்டுப்பாடற்ற ஆற்றின் ஆற்றல் வெளிப்பட்டது. மேட்டூர் வந்தபின் வெள்ளம் தணிந்தது. சூன் 12 என்னும் நாள் உழவர் நாட்காட்டியில் ஏறியது. குறுவையும் தாளடியும் நம்பிச் செய்யத்தக்கனவாயின.

இழப்புகளும் உள. அணைக்கு மேலே ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் தாழும் கோடைகளில் பண்ணவாடியில் நந்தியும் பழைய தேவாலயத்தின் மேற்பகுதியும் இன்றும் வெளித்தோன்றுகின்றன. ஆண்டுதோறும் வெள்ளம் கொணர்ந்து வயலில் பரப்பிய வண்டலின் ஒரு பகுதி அணைக்குப் பின்னே தங்கியது. கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறிவரும் உல்லம் மீன் காவிரியிலும் கொள்ளிடத்திலும் அணைக்குப்பின் அருகியதை மீன்வள ஆய்வாளர் பதிவுசெய்துள்ளனர். முகத்துவாரங்களில் வாழ்ந்த மீனவர்க்கு இது நேரடி இழப்பு. இவற்றினும் ஆழமான மாற்றம் ஒன்றுண்டு. முன்பு மழையைக் குறைகூறிய கடைமடை உழவர், இனி மதகைத் திறப்பவரைக் கேட்கவேண்டியவரானார். புதிய ஆயக்கட்டு தலைப்பகுதியில் சேர்ந்தமையால், பற்றாக்குறை ஆண்டுகளில் பங்கீட்டுச் சிக்கல் கூடியது. நீர் இயற்கையின் கொடையாக இருந்த நிலை மாறி, அரசின் முடிவாயிற்று. ஸ்டான்லி திறந்துவைத்தது இந்த உறவையும்தான்.

பிற்காலமும் ஆவணங்களும்

1934 நவம்பரில் எர்ஸ்கின் பிரபுவிடம் பொறுப்பை ஒப்படைத்து ஸ்டான்லி இங்கிலாந்து திரும்பினார். அதே மாதத்தில் மைய சட்டமன்றத் தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரசு பெருவெற்றி பெற்றது. அவருடைய துணைவியார் பியாட்ரிக்ஸ் தோட்டக்கலையில் தேர்ந்தவர். குளிர்நாட்டுப் பனித்துளிப் பூவின் ஒரு வகை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இராயபுரத்து மருத்துவப் பள்ளிக்கு 1934இல் ஸ்டான்லியின் பெயர் இடப்பட்டது. 1938இல் அது கல்லூரியாக உயர்ந்தது. அவ்வாண்டு சூலை முதல் நாளில் அவர் மறைந்தார். மேட்டூரில் பணியாற்றிய பொறியாளர் சி. ஜி. பார்பர் அத்திட்டத்தின் வரலாற்றை 1940இல் நூலாக வெளியிட்டார்.

ஸ்டான்லி பற்றிய தமிழ்க் குறிப்புகள் பெரும்பாலும் அணை, மருத்துவக் கல்லூரி ஆகிய இரு பெயர்ப்பலகைகளோடு நின்றுவிடுகின்றன. வேதாரணியம் பற்றிய நூல்களோ தோர்னைப் பேசி, அவருக்கு மேலிருந்த ஆளுநரைப் பேசுவதில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சட்டம் ஒழுங்கு பற்றிய கோப்புகள் ஒரு துறையின்கீழும், அணையைப் பற்றியவை பொதுப்பணித் துறையின்கீழும் தனித்தனியே தொகுக்கப்பட்டிருப்பது இப்பிரிவுக்கு ஒரு காரணமாகலாம். 1930 முதல் 1934 வரையிலான தஞ்சை மாவட்டத்தை எடுத்துக்கொள்ளும் ஆய்வாளர், நிலவரிக் கோப்புகளையும் சேர்த்து இம்மூன்றையும் ஒருங்கே படிக்கவேண்டும். இவற்றின் மேல்முறையீடுகள் யாவும் சென்று முடிந்த இடம் ஒரே மேசை.